அண்ணாச்சி ஓய்வு பெற்ற பிறகு வேலையை யார் பிரிப்பது?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். வள்ளியூரில் இருந்துகொண்டு காற்றாலைப் பராமரிப்பு நிறுவனம் நடத்துகிறீர்கள். பணகுடி, காவல்கிணறு, வடக்கன்குளம், ராதாபுரம் என்று சுற்றுவட்டாரத்தில் 140 பழைய காற்றாலைகள். மூன்று மூன்று பேராக 6 அணிகள். தினமும் காலை ஆறு மணிக்கு உங்கள் சூப்பர்வைசர் அண்ணாச்சி போனை எடுத்து, எந்த அணி எந்தக் காத்தாடிக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுகிறார். சென்னையிலிருந்து வந்த ஒரு விற்பனையாளர், மூன்று ஆண்டுப் பதிவேட்டைக் கொடுத்தால் போதும், அதிலிருந்து தானே கற்றுக்கொள்ளும் இயந்திரக் கற்றல் மென்பொருளே இந்த வேலையைச் செய்துவிடும் என்கிறார். வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆனால் கேள்வியின் நடுவில், போகிற போக்கில், அண்ணாச்சி வருகிற ஆனியோடு ஓய்வு பெறுகிறார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் கேள்வியாகப் படுகிறது. மென்பொருள் வாங்குவதா என்பதைவிட, அந்த மனிதரின் தலைக்குள் இருப்பதில் எதை இயந்திரத்துக்கு மாற்றலாம், எதை மாற்ற முடியாது, எதை மாற்றவே கூடாது என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

என்னைப் பற்றி இரண்டு வரி. எனக்கு வீரவநல்லூர்ப் பக்கம். படித்தது கணிதம், பிறகு செயல்முறை ஆய்வு. வேலைகளை வரிசைப்படுத்துவதும் ஆட்களுக்குப் பிரிப்பதும்தான் கடந்த இருபது ஆண்டுகளாக என் பிழைப்பு. முதலில் ஓர் அச்சகம், பிறகு மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறைகள், அதன்பின் உங்கள் தொழிலிலேயே ஒரு நிறுவனம். கடைசியாகச் சொன்ன இடத்தில் நான் தோற்றேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விற்பனையாளர் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதை முதலில் பிரித்துப் பாருங்கள். உள்ளே இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று கணிப்பது: இந்தப் பழுதைச் சரிசெய்ய எத்தனை மணி நேரம் ஆகும், ஒரே முறையில் முடியுமா, திரும்பப் போக வேண்டியிருக்குமா. மற்றொன்று பிரிப்பது: கணித்த நேரங்களை வைத்துக்கொண்டு எந்த அணியை எங்கே அனுப்புவது. இயந்திரக் கற்றலுக்கு வேலை இருப்பது முதலாவதில் மட்டும். இரண்டாவது பழைய கணக்கு. அதற்குக் கற்றல் எதுவும் தேவையில்லை. 1955-இல் ஹெரால்ட் கூன் என்ற அமெரிக்கக் கணிதவியலர் அதற்கு ஒரு வழிமுறை எழுதினார். ஹங்கேரி நாட்டு அறிஞர்கள் இருவரின் கண்டுபிடிப்புகளை அடிப்படையாக வைத்து எழுதியதால் அதற்கு ஹங்கேரிய முறை என்றே பெயரிட்டார். 10 வேலைகளை 10 பேருக்குப் பிரிக்க 36,28,800 வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்க்காமலே மிகச் சிறந்ததை இந்த முறை எடுத்துக் கொடுத்துவிடும். காகிதத்தில் போட்டாலும் அரை மணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. சின்னக் கணக்கில் காட்டுகிறேன். இரண்டு அணிகள், இரண்டு வேலைகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் அணிக்கு கியர்பாக்ஸ் ஆயில் சீல் மாற்ற 3 மணி, காத்தாடியின் தலையைக் காற்றுப் பக்கம் திருப்பும் யா மோட்டாரைச் சரிசெய்ய 2 மணி. இரண்டாவது அணிக்கு அதே வேலைகள் முறையே 6 மணி, 3 மணி. யார் எதில் வேகமோ அதைக் கொடு என்று பார்த்தால், முதல் அணி யா மோட்டாரைத்தான் எல்லாரையும்விட விரைவாக முடிக்கிறது. அதை அவர்களிடம் கொடுத்தால் கியர்பாக்ஸ் இரண்டாவது அணியின் தலையில் விழும். மொத்தம் 8 மணி. மாற்றிக் கொடுத்தால் 3 மணியும் 3 மணியும் சேர்ந்து 6. யா மோட்டார் வேலையில் கெட்டிக்காரர்களிடமிருந்தே அந்த வேலையை எடுத்துவிடுவதுதான் லாபம். உங்கள் அண்ணாச்சி இதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க மாட்டார். ஆனால் தினமும் காலையில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

அணிக்கு ஒரு வேலை என்பதோடு நின்றால் இந்த முறையே போதும். ஓர் அணி ஒரே நாளில் மூன்று இடங்களுக்குப் போக வேண்டும், இன்ன வேலை இன்ன நேரத்துக்குள் முடிய வேண்டும், கிரேன் ஒன்றுதான் இருக்கிறது என்று நிபந்தனைகள் சேரச் சேரக் கணக்கு முரண்டு பிடிக்கும். எவ்வளவு முரண்டு என்பதற்கு எங்கள் துறையில் ஒரு பழைய கதை சொல்வார்கள். 10 வேலைகள், 10 இயந்திரங்கள் கொண்ட ஒரு பயிற்சிக் கணக்கு 1963-இல் ஒரு நூலில் வெளிவந்தது. எல்லா வேலைகளும் முடிய ஆகும் மிகக் குறைந்த நேரம் 930 அலகு என்று ஐயமற நிறுவப்பட்டது 1989-இல். இடையில் 26 ஆண்டுகள். இதைச் சொல்லி உங்களைப் பயமுறுத்தப் பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம். 6 அணிகள், நாளொன்றுக்கு இருபது முப்பது வேலைகள் என்பது இன்றைய கணினிக்குச் சிறிய கணக்கு. கூகுள் நிறுவனம் இலவசமாகவே கொடுக்கும் ஓ.ஆர்.டூல்ஸ் என்ற நிரல்தொகுப்பு இந்த அளவுக்குத் தாராளமாகப் போதும். மிகச் சிறந்த விடை கிடைக்காவிட்டாலும் நல்ல விடை ஓரிரு நிமிடங்களில் வந்துவிடும். நல்ல நிரலர் ஒருவர் ஒரு மாதத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். இந்தப் பகுதிக்காகப் பெரிய தொகை கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனிக் கணிப்புக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். நான் உதவப்போன நிறுவனத்தில் மூன்று ஆண்டுப் பதிவேட்டைக் கணினியில் ஏற்றி, வேலைகள் முடிந்த நேரத்தை வரைபடமாகப் போட்டுப் பார்த்தேன். மாலை ஆறு மணிக்கு நேராக ஒரு பனைமரம் நின்றது. மற்ற மணிகளில் எல்லாம் புல் மாதிரி. எல்லா அணிகளும் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து, டீ குடித்துவிட்டு, அன்றைய வேலைகளை எல்லாம் மொத்தமாக ஆறு மணிக்கு முடிந்ததாக எழுதியிருக்கிறார்கள். இதை அப்படியே கற்ற இயந்திரம், கிரீஸ் அடிப்பதும் மதியம் தொடங்கினால் நான்கு மணி நேரம், பிரேக் மாற்றுவதும் நான்கு மணி நேரம் என்றது. அது பொய் சொல்லவில்லை. நாம் எழுதி வைத்ததைத்தான் திருப்பிச் சொன்னது.

இன்னொன்று காத்திருப்பு. ஃபீடர் என்ற மின்பாதையில் மின்சாரம் இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். மேலே ஏற முடியாத காற்று தணியட்டும் என்று காத்திருப்பார்கள். ஸ்டோரிலிருந்து சீல் வரவில்லை என்று நாகர்கோவிலுக்கு ஆள் போயிருக்கும். பதிவேட்டில் எல்லாமே வேலை நேரம். ஆகவே மென்பொருளைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால், போய்ச் சேர்ந்த நேரம், கை வைத்த நேரம், காத்திருந்த நேரம், காத்திருந்ததற்குக் காரணம், முடித்த நேரம் என்று ஐந்து கட்டங்களை நாளையே பதிவேட்டில் சேர்த்துவிடுங்கள். கைப்பேசியில் பொத்தானை அழுத்துகிற மாதிரி வைத்தால் ஆறு மணிப் பனைமரம் முளைக்காது. முடியாமல் பாதியில் விட்டு வந்த வேலைகளையும் தவறாமல் எழுதச் சொல்லுங்கள். அவை பதிவேட்டிலிருந்து விடுபட்டால், சீக்கிரம் முடிந்த வேலைகள் மட்டுமே இயந்திரத்தின் கண்ணில் படும். அதன் கணிப்பு எப்போதும் அவசரக்காரனின் கணிப்பாகவே இருக்கும்.

மூன்று ஆண்டுப் பதிவு போதுமா என்றால், அடிக்கடி வரும் வேலைகளுக்குப் போதும். கிரீஸ், பிரேக், சென்சார், யா மோட்டார் போன்றவற்றுக்கு நூற்றுக்கணக்கில் வரிகள் இருக்கும். ஜெனரேட்டர் மாற்றியது பத்துப் பன்னிரண்டு முறைதான் என்றால் அதில் கற்க ஒன்றுமில்லை. அண்ணாச்சியின் மதிப்பீட்டையே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்கற்றல், நரம்பு வலை என்றெல்லாம் விற்பனையாளர் சொன்னால், இவ்வளவு சிறிய அட்டவணைக்கு அது எதற்கு என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று கேள்வி கேட்டுக் கிளைபிரியும் முடிவெடுப்பு மரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறைகளே இந்த மாதிரித் தரவுக்கு ஏற்றவை, மடிக்கணினியிலேயே ஓடும். அதைவிட முக்கியம், சராசரியைக் கேட்காதீர்கள். கியர்பாக்ஸ் வேலைக்குச் சராசரி 3 மணி என்று சொல்லும்; ஆனால் சில நாள் எட்டு மணியாகும், அன்று மீதி வேலையெல்லாம் குட்டிச்சுவர். பத்தில் எட்டு முறை எத்தனை மணிக்குள் முடியும் என்று கேளுங்கள். திட்டம் போட உதவும் எண் அதுதான்.

விற்பனையாளரின் கணிப்பைச் சோதிக்க நேர்மையான ஒரு வழி இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுப் பதிவை மட்டும் கொடுங்கள். மூன்றாம் ஆண்டின் வேலைகளுக்கு நேரத்தைக் கணித்துத் தரச் சொல்லுங்கள். மூன்று ஆண்டையும் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்து, அதில் ஒரு பகுதியை எடுத்துச் சோதித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நாளை நடந்ததைப் பார்த்துவிட்டு இன்றைக்கு ஜோசியம் சொல்வது மாதிரி அது. கூடவே நீங்களும் ஒரு கணிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு வகை வேலையிலும் முந்தைய நேரங்களை ஏறுவரிசையில் எழுதி, நடுவில் நிற்கும் எண்ணை எடுங்கள். பள்ளிப் பையன் போடுகிற கணக்கு. அந்த மென்பொருள் இதைவிடத் தெளிவாக நன்றாகக் கணிக்கவில்லை என்றால், பேச்சு அங்கேயே முடிந்தது. நான் பார்த்த பட்டறைகளில் ஒன்றில் இந்த நடு எண்தான் ஜெயித்தது. அந்தப் பட்டறையின் முதலாளிக்கு மகிழ்ச்சி, எனக்குத்தான் கூலி குறைந்தது.

இப்போது நான் தோற்ற கதை. அந்த நிறுவனத்தில் எல்லாரும் டாக்டர் என்று கூப்பிடும் ஒரு டெக்னீஷியன் இருந்தார். மேலே ஏறிப் பெட்டியின் மேல் காதை வைத்தாலே எந்த பேரிங் என்று சொல்லிவிடுவார். நான் எழுதிய நிரல் ஒரு மாதம் ஓடியது. பார்த்தால் டாக்டரை வாரம் முழுவதும் கிரீஸ் அடிக்க அனுப்பிக்கொண்டிருக்கிறது. காரணம் எளிது: மற்றவர்கள் தொட்டுவிட்டுக் கைவிட்ட வேலைகள்தான் அவரிடம் வரும். அதனால் அவருடைய சராசரி நேரம் எல்லாரையும்விட அதிகம். பதிவேட்டைப் படித்த இயந்திரத்துக்கு அவர் மிகவும் மெதுவான ஆள். அங்கிருந்த சூப்பர்வைசர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "பெரியாஸ்பத்திரி டாக்டருக்குத்தான் அதிக நோயாளி சாவான், அதுக்காக அவரைக் கம்பவுண்டர் ஆக்கிருவீகளா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

அந்தத் தவறை எப்படித் திருத்துவது என்று இப்போது ஓரளவு தெரியும். வேலையின் கடினத்தைப் பதிவில் கொண்டுவர வேண்டும்: இது எத்தனையாவது முறை, முன்பு யார் போய்த் திரும்பியது, அந்த இயந்திரத்துக்கு என்ன வயது, இதற்கு முன் என்னென்ன கோளாறு. இன்னொரு வழி, ஆபத்தில்லாத எளிய வேலைகளில் ஒரு சிறு பங்கைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது. குலுக்கலில் யாருக்கும் சாதகமில்லை என்பதால் அந்த வேலைகளில் கிடைக்கும் நேரங்களை ஒன்றோடொன்று தைரியமாக ஒப்பிடலாம். கியர்பாக்ஸில் குலுக்கிப் பார்க்கச் சொல்ல மாட்டேன். இரண்டையும் செய்தாலும் தவறு முழுமையாக நீங்கிவிடும் என்று என்னால் உறுதி கொடுக்க முடியாது. ஆட்களைத் தரவரிசைப்படுத்த இந்த எண்களை எடுக்காதீர்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன். எடுத்தால் இன்னொரு விளைவும் உண்டு. பதிவேட்டைப் பார்த்து இன்க்ரிமென்ட் குறைகிறது என்று ஒருமுறை தெரிந்துவிட்டால், மறுவாரம் முதல் அந்தப் பதிவேட்டில் உண்மை இருக்காது.

இயந்திரம் செய்கிற இன்னொரு அநியாயம் கொஞ்சம் சத்தமில்லாதது. கியர்பாக்ஸ் தெரிந்தவருக்கே கியர்பாக்ஸ் போகும். தெரியாத பையன் கடைசிவரை தெரியாதவனாகவே இருப்பான். அண்ணாச்சி மாதம் ஒருமுறையாவது, வீண் செலவு என்று தெரிந்தே, ஒரு புதுப் பையனைப் பெரிய வேலைக்குக் கூட அனுப்பியிருப்பார். மூன்று ஆண்டுப் பதிவில் அவை மெதுவாக முடிந்த வேலைகளாகத்தான் தெரியும். கணக்கு அவற்றைக் களையெடுத்துவிடும். வாரத்துக்கு ஒருவராவது பெரிய வேலைக்கு உதவியாளாகப் போக வேண்டும் என்பதை நிபந்தனையாகவே எழுதிவிடுங்கள்.

நிபந்தனை என்றதும் நினைவுக்கு வருவது எங்கள் ஊர் வாய்க்கால். தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். எங்களுக்குக் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர். தண்ணீர் குறைந்த ஆண்டில் யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று பிரித்துவிடுகிற ஆளுக்கு ஊரில் தனி மரியாதை. மொத்த விளைச்சல் அதிகமாக வேண்டும் என்று மட்டும் கணக்குப் போட்டால், தலைமடையில் இருக்கிற வயல்களுக்கே தண்ணீர் விடுவதுதான் லாபம். கடைமடைக்குப் போகும் வழியில் பாதித் தண்ணீரை மண் குடித்துவிடும். அப்படிச் செய்திருந்தால் கடைமடைக்காரன் மண்வெட்டியோடு வந்து நின்றிருப்பான். உங்கள் தொழிலிலும் கடைமடை இருக்கிறது. ராதாபுரத்துக்கு அப்பால் ஒற்றைக் காத்தாடி வைத்திருக்கிற சிறு முதலாளியை நினைத்துப் பாருங்கள். பயண நேரத்தைக் குறை என்று இயந்திரத்திடம் சொன்னால் அவர் வேலை ஒவ்வொரு நாளும் நாளைக்குத் தள்ளிப்போகும். சிறிய வேலைகளை முதலில் முடித்தால் சராசரிக் காத்திருப்பு குறையும் என்பது 1956-இல் ஸ்மித் என்பவர் நிறுவிய விதியோடு ஒட்டியது, கணிதம் சரிதான். சராசரி குறையும்போது அந்த ஒற்றைக் காத்தாடிக்காரர் பத்து நாள் காத்திருப்பார், அவ்வளவுதான். எந்தப் புகாரும் இத்தனை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று ஓர் எல்லை போடுங்கள். அந்த எல்லை என்ன என்பதை மென்பொருளிடம் கேட்காதீர்கள். அதை முதலாளி சொல்ல வேண்டும்.

அதேபோல் பாதுகாப்பு விதிகளையும் கற்க விடாதீர்கள். எந்தக் காற்றுவேகத்துக்கு மேல் கோபுரத்தில் ஏறக் கூடாது என்று ஒவ்வொரு தயாரிப்பாளரும் எழுதியே கொடுத்திருக்கிறார். தனியாக ஏறக் கூடாது, சான்று இல்லாதவர் மின்பெட்டியைத் திறக்கக் கூடாது. இவை இரும்பு விதிகளாகக் கணக்கின் உள்ளேயே இருக்க வேண்டும். பதிவேட்டில் இருநூறு முறை ஒருவர் மட்டும் போய் நல்லபடியாகத் திரும்பி வந்திருந்தால், ஒருவர் போதும் என்றுதான் இயந்திரம் கற்றுக்கொள்ளும். இருநூற்றொன்றாவது முறை அதற்குத் தெரியாது.

பருவமும் ஒரு சிக்கல். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களும் மற்ற மாதங்களும் உங்கள் தொழிலில் இரண்டு வேறு உலகங்கள். 250 கிலோவாட் இயந்திரம் ஒன்று முழுக் காற்றில் ஒரு நாள் முழுக்க நின்றுபோனால் 6,000 யூனிட் வரை நஷ்டம். மார்கழியில் அதே இயந்திரம் நின்றால் அதில் சொற்பம்தான். எனவே எந்த வேலை அவசரம் என்பதைப் புகார் வந்த வரிசையை வைத்து முடிவு செய்யாமல், அன்றைய காற்று முன்னறிவிப்பை வைத்து எத்தனை யூனிட் போகும் என்று பெருக்கிப் பார்த்து முடிவு செய்யச் சொல்லலாம். மென்பொருள் உங்களுக்கு உண்மையாகவே சம்பாதித்துக் கொடுக்கக்கூடிய இடம் இது என்று நினைக்கிறேன். அண்ணாச்சி இதையும் செய்கிறார், ஆனால் 140 இயந்திரங்களுக்கும் ஒரே காலையில் பெருக்கிப் பார்க்க யாராலும் முடியாது.

எல்லா அணிகளையும் நாள் முழுக்க நிரப்பி வைப்பதுதான் சாமர்த்தியம் என்று விற்பனையாளர் காட்டும் திரையில் பச்சைப் பச்சையாகத் தெரியும். அதில் மயங்காதீர்கள். டென்மார்க்கில் எர்லாங் என்பவர் 1909-இலேயே தொலைபேசி இணைப்பகத்துக்காகத் தொடங்கிவைத்த வரிசைக் கணக்கு ஒன்று இருக்கிறது. ஒரே அணி, முன்னறிவிப்பில்லாமல் வரும் பழுதுகள், கூடக்குறைய ஆகும் வேலை நேரம் என்று எளிமையாக வைத்துக்கொண்டால், அந்த அணியின் நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது ஒரு புகார் சராசரியாக வேலை நேரத்தைப் போல 4 மடங்கு காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 9 மடங்கு. இரண்டு மணி வேலைக்குப் பதினெட்டு மணிக் காத்திருப்பு. ஆறு அணிகள் ஒருவருக்கொருவர் கைகொடுத்தால் இது இவ்வளவு மோசமாக இருக்காது. ஆனாலும் வளைவின் போக்கு இதுதான். சீசனில் ஓர் அணியைக் கொஞ்சம் சும்மா வைத்திருப்பது சோம்பேறித்தனம் இல்லை.

இனி அண்ணாச்சி. அவர் போவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எனக்கு இதை யாரும் அன்று சொல்லவில்லை. எளிய நிரல் ஒன்றை எழுதி, தினமும் காலை ஐந்தரை மணிக்கு அது ஒரு பட்டியல் போடட்டும். ஆறு மணிக்கு அண்ணாச்சி தன் வழக்கப்படி வேலையைப் பிரிக்கட்டும். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அங்கே ஏன் என்று அவரிடம் கேட்டு ஒரு வரி எழுதி வையுங்கள். நான் பின்னாளில் வேறொரு பட்டறையில் இதை மூன்று மாதம் செய்தேன். வந்த காரணங்கள் விதவிதமானவை. அந்தப் பையனின் ஊரில் இந்தச் செவ்வாய்க்கிழமை கோயில் கொடை. வருவேன் என்பான், வர மாட்டான். இவர்கள் இருவரும் பேசிக்கொண்டு ஆறு மாதம் ஆகிறது. ஒரே வண்டியில் அனுப்பாதீர்கள். அந்த இடத்துக்குப் போகிற பாதை ஒருவரின் தோட்டம் வழியாகப் போகிறது. அவரிடம் பேசத் தெரிந்த ஆள் போனால்தான் கேட்டைத் திறப்பார். இவற்றில் பாதிக்கு மேல் பதிவேட்டில் ஒரு கட்டம் சேர்த்தால் தீர்ந்துவிடுகிறவை. கொடை நாட்களை முன்கூட்டியே விடுப்பாக எழுதச் சொன்னோம். அந்தத் தலைவலி அந்த மாதமே போயிற்று.

ஆனால் எழுத முடியாத காரணங்களும் வந்தன. சில ஊர்களுக்குச் சில ஆட்களை அங்கிருந்த மேஸ்திரி அனுப்பவே மாட்டார். ஏன் என்று கேட்டால், "அது சரிப்படாது" என்பார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்தச் சீமையில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அவரைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரு பையன் அடிபட்டுத் திரும்பி வரக் கூடாது என்பதுதான் அவர் கவலை. ஆனால் அவருடைய பத்தாண்டு முடிவுகளை இயந்திரத்துக்குக் கற்பித்தால், அது இதையும் சேர்த்துத்தான் கற்கும். அவர் மனதில் பயமாகவும் சங்கடமாகவும் இருந்தது, திரையில் வெறும் மதிப்பெண்ணாக மாறிவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒன்று, யாரும் பொறுப்பேற்காத விதியாகிவிடும். சாதியைப் பதிவேட்டில் யாரும் எழுதுவதில்லையே என்று நினைக்காதீர்கள். சொந்த ஊர், தெரு, யாருடைய சிபாரிசில் சேர்ந்தார் என்ற கட்டங்கள் போதும். இயந்திரம் மீதியைத் தானே ஊகித்துக்கொள்ளும். அந்தக் கட்டங்களை நீக்கினாலும் பழைய முடிவுகளின் தடம் வேறு கட்டங்கள் வழியாகக் கசியும். நான் கண்ட வழி ஒன்றுதான்: யாரை அனுப்பினார்கள் என்பதை இயந்திரத்துக்குக் கற்பிக்காதீர்கள், வேலை எத்தனை நேரம் ஆயிற்று என்பதை மட்டும் கற்பியுங்கள். பிரிப்பது எழுதி வைத்த நிபந்தனைகளின்படி நடக்கட்டும், அந்த நிபந்தனைகளை எல்லாரும் படிக்கிற மாதிரி சுவரில் ஒட்டுங்கள். சுவரில் ஒட்ட முடியாத நிபந்தனை ஏதாவது இருந்தால் அதைப் பற்றி முதலாளியும் ஆட்களும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அதில் நான் உதவ முடியாது.

சந்தேகமானவை இரண்டைச் சொல்ல வேண்டும். தானே முயன்று தவறிக் கற்கும் முறையை வைத்து வேலைகளை வரிசைப்படுத்தலாம் என்று விற்பனையாளர் சொல்லக்கூடும். விண்வெளி ஓடத்தில் ஏற்றும் சரக்குகளைத் தயார்படுத்தும் வேலைக்கு 1995-லேயே ஷாங், டீட்டரிக் என்ற ஆய்வாளர்கள் அதைச் செய்து காட்டினார்கள். அந்த முறைக்கு ஆயிரக்கணக்கான முறை தோற்றுப் பார்க்க ஒரு மாதிரிக் களம் கணினிக்குள் இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது பணகுடியும் ராதாபுரமும். அங்கே தோற்றுப் பழக முடியாது. ஆகவே உங்களுக்கு அது ஒத்துவரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அதிர்வு சென்சார் வைத்துப் பழுதை முன்கூட்டியே அறிவது புதிய பெரிய இயந்திரங்களில் பயன்படுகிறது. முப்பது ஆண்டு வயதான 250 கிலோவாட் இயந்திரத்தில் அந்தச் செலவு தேறுமா என்பதற்கு என் கையில் அனுபவக் கணக்கு இல்லை, அதனால் கருத்துச் சொல்லவில்லை. சந்தேகமில்லாத ஒன்றும் உண்டு: வாட்ஸாப்பில் ஆட்கள் தமிழில் எழுதும் புகார்களைப் படித்து வகைபிரிக்க இன்றைய கணினி மொழி மாதிரிகள் நன்றாகவே உதவும். முதல் இருநூறு செய்திகளை நீங்களே கையால் சரிபார்த்துவிட்டு ஒப்படைக்கலாம்.

வாங்கலாமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். மார்கழி நடக்கிறது. தையில் பதிவேட்டைத் திருத்துங்கள். மாசி, பங்குனி, சித்திரை மூன்று மாதமும் எளிய நிரலும் அண்ணாச்சியும் அருகருகே ஓடட்டும். வைகாசிக்குள் எதை நம்பலாம் என்று தெரிந்துவிடும். தெரியாவிட்டால் அந்தச் சீசனுக்கு மென்பொருளை ஆன் செய்யாதீர்கள். ஆனியில், காற்று உச்சத்தில் இருக்கும்போது, ஆளையும் முறையையும் ஒரே நேரத்தில் மாற்றுவது தற்கொலை. முடிந்தால் அவரை ஆவணி முடிகிற வரை, காலையில் ஒரு மணி நேரம் மட்டும், வீட்டிலிருந்தே போனில் இருக்கச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு நல்ல சம்பளம் கொடுங்கள்.

அவரிடம் பழைய டைரிகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். நான் தோற்ற நிறுவனத்தின் சூப்பர்வைசர் ஓய்வு பெற்றபோது பதினோரு டைரிகளை மேசையிலேயே விட்டுப் போனார்; அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவதற்கு முந்தின நாள் தற்செயலாக ஒன்றைப் புரட்டினேன். ஒரு காத்தாடியின் எண்ணுக்கு எதிரே எழுதியிருந்தார்: "மழை பெய்த மறுநாள் ஜீப் போகாது, கரிசல். மேற்கே ஓடை வழியாகச் சுற்றிப் போ. நாய் உண்டு."